மலாக்காவில் கடல் எந்தப் பக்கம்?

ஜூலை 5, வெள்ளி

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு 150 கிலோமீட்டர் சொச்சம். "ரெண்டு மணி நேரம்தான் சித்தி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தா வந்துடும்" என்றான் அக்கா மகன். சாதாரண நாளில் அப்படித்தானாம். ஞாயிற்றுக்கிழமை ஹிஜ்ரி புத்தாண்டு, திங்களும் சேர்த்து விடுமுறை என்பதை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் ஏற வேண்டிய 11 மணிப் பேருந்து வரவே இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் "பஸ் ரோசாக்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வண்டி பழுதாம். மாற்று வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் கவுன்ட்டர் கண்ணாடி இரண்டு தட்டாவது வாங்கியிருக்கும். இங்கே எல்லாரும் தரையில் பையைப் போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த மலாய்க் குடும்பம் வாழைக்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் என் பக்கம்தான் நீட்டியது. வேண்டாம் என்றேன். அந்த அம்மா விடவில்லை. இரண்டு எடுத்த பிறகுதான் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு ஒரு வண்டி வந்தது. நெடுஞ்சாலை முழுக்கக் கார்கள். வழியில் ஓய்விடத்தில் நாசி லெமாக் பொட்டலம், 3 வெள்ளி 50 காசு. இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலையில் ஒரு வெள்ளி நம் கணக்கில் ஏறக்குறைய 18 ரூபாய். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி வறுவல், வேர்க்கடலை, அரை முட்டை, மேலே சம்பல். அந்த விலைக்கு அது அநியாயத்துக்கு நல்ல சாப்பாடு.

மலாக்கா வந்து சேர இரவு எட்டாகிவிட்டது. எங்கள் அறை பழைய ஹீரன் தெருவில். இப்போது பெயர் ஜாலான் துன் தான் செங் லோக். வீட்டு முகப்பு பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். உள்ளே போனால் கூடம், முற்றம், இன்னொரு கூடம், இன்னொரு முற்றம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. டச்சுக்காரர்கள் வாசல் அகலத்தைப் பார்த்து வரி போட்டதால் இப்படிக் கட்டினார்கள் என்று ஊரில் காரணம் சொல்கிறார்கள். பிற்பாடு இந்தத் தெரு பாபா நோன்யா பணக்காரர்களின் தெருவாகிவிட்டது. எங்கிருந்தோ வந்த சீன வணிகர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வம்சம் அது. இன்றைக்கும் சில வாசல்களில் சிவப்பு விளக்கு தொங்குகிறது.

பையை வைத்துவிட்டு விடுதிப் பெண்ணிடம் கேட்டேன், கடல் எந்தப் பக்கம்? நான் நாகப்பட்டினத்துக்காரி. எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும் முதலில் அதைத் தெரிந்துகொண்டால்தான் எனக்குத் திசை புரியும். அவள் வாசலுக்கு வந்து இடதும் வலதும் பார்த்தாள். பிறகு எதிர்வரிசைக் கட்டடங்களைக் காட்டி, "முன்னாடி அங்கேதான் இருந்தது" என்றாள்.

ராத்திரி ஜோங்கர் தெருச் சந்தை. வெள்ளி முதல் ஞாயிறு வரை இரவுகளில் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவையே கடைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த விடுமுறைக் கூட்டத்தில் நடக்கவே தேவையில்லை, கூட்டமே நம்மைக் கொண்டுபோய்விடும். புட்டு பீரிங் மட்டும் வாங்கினோம். சின்னச் சில்வர் தட்டில் அரிசி மாவு, நடுவே ஒரு கட்டி குலா மலாக்கா, மேலே மறுபடி மாவு, துணி போட்டு மூடி ஆவியில் ஒரு நிமிடம். குலா மலாக்கா என்பது தென்னம்பாளையிலிருந்து எடுக்கும் பதநீரைக் காய்ச்சிய வெல்லம், நல்ல கருப்பு. கடித்ததும் உள்ளே உருகிய வெல்லம் தாடையில் வழிந்து சுட்டுவிட்டது. நாக்கு நுனி இன்னும் மரத்திருக்கிறது. நாளைக்கும் சாப்பிடுவேன்.

ஜூலை 6, சனி

விடிகாலை நாலரைக்குக் கதவு ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டது. எழுந்து பார்த்தால் முற்றத்தில் மழை நேராக வீட்டுக்குள் கொட்டுகிறது. அதற்காகவே தரையைப் பள்ளமாக வைத்து மடை விட்டிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் அடித்துவிட்டு, தண்ணீர்க் குழாயை மூடியதுபோல நின்றது. "சுமத்ரா" என்றார் காவலாளி. எதிர்க்கரையில் இருக்கும் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து ராத்திரியில் கிளம்பி, மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியும் நேரத்தில் இந்தக் கரையில் அடிக்கும் புயல்மழைக்கு இங்கே அதுதான் பெயர். ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை அடிக்கடி வருமாம். கடலை இன்னும் பார்க்கவில்லை, அதன் காற்று மட்டும் வந்து எழுப்பிவிட்டது.

மழை விட்ட பிறகு வெயில் இரண்டு மடங்கு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிவப்புச் சதுக்கம். ஸ்டாட்ஹைஸ் என்ற டச்சுக்காரர்களின் ஆளுநர் மாளிகை, பக்கத்தில் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம். எல்லாம் ஒரே செங்காவி நிறம். இந்தச் சிவப்புக்கும் டச்சுக்காரர்களுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் காலத்தில் ஆலயம் வெள்ளையாக இருந்தது. சிவப்பு அடித்தது பிற்பாடு ஆங்கிலேயர் ஆட்சியில். இன்று படத்துக்குப் படம் "டச்சுச் சிவப்பு" என்று போடுகிறார்கள்.

சதுக்கம் முழுக்க மிதிரிக்‌ஷாக்கள். சாதாரண ரிக்‌ஷா இல்லை. ஒன்றின் மேல் ஆளுயரப் பூனைப் பொம்மை, இன்னொன்றில் பிக்காச்சு, சுற்றிலும் பிளாஸ்டிக் பூ, காதைப் பிளக்கும் பாட்டு. எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் ஒரு ரிக்‌ஷாக்காரர் "வாங்கம்மா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டதும் நின்றுவிட்டேன். தைப்பிங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவராம். "அரை மணி நேரம் நாப்பது வெள்ளி. லீவு நாளு, குறைக்க முடியாது. உக்காந்து பேசுறதுன்னா சும்மா உக்காருங்க" என்றார். சும்மா உட்கார்ந்து பேசினோம். எதிரே இருக்கும் மலையைக் காட்டி, "அதுல ஏறுங்க, ஊரோட கணக்கு புரியும்" என்றார்.

ஏறினோம். மலை என்றால் பெரிய மலை இல்லை, பத்து நிமிடப் படி. உச்சியில் கூரையில்லாத புனித பவுல் தேவாலயம். 1521இல் போர்ச்சுகீசியர் கட்டிய சிற்றாலயத்தில் தொடங்கியது. பிற்பாடு வந்த டச்சுக்காரர்கள் அதை இடுகாடாக்கிக்கொண்டார்கள். சுவரோரம் ஆளுயரக் கல்லறைப் பலகைகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். தரையில் கம்பி வலை போட்ட ஒரு காலிக் குழி இருக்கிறது. புனித சவேரியாரின் உடல் கோவாவுக்குப் போவதற்கு முன் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் இருந்தது. நமக்குத் தெரிந்த சவேரியார்தான். தூத்துக்குடி, மணப்பாடு என்று முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் நடையாய் நடந்தவர், 1545இல் கப்பலேறி இங்கே வந்தார். வெளியே அவருடைய வெள்ளைச் சிலைக்கு வலது கை கிடையாது. 1952இல் சிலை வைத்த மறுநாளே மரம் விழுந்து உடைந்ததாம். அவருடைய உண்மையான வலது கையையும் 1614இல் வெட்டி ரோமுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். இந்தப் பொருத்தத்தை வழிகாட்டி ஒருவர் பத்துப் பேருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓசியில் கேட்டுக்கொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால்தான் கடல் தெரிந்தது. பேரங்காடிகள், விடுதிகள், வாகன நிறுத்தங்கள் எல்லாவற்றுக்கும் அப்பால், ஒரு சாம்பல் கோடு. போர்ச்சுகீசியர் காலத்தில் இந்த மலையடிவாரத்துக் கோட்டை கடலோரமாக நின்றது. அதற்கு அப்பால் இன்று இருக்கும் நிலமெல்லாம் மண் கொட்டித் தூர்த்தது. நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே இருக்கும் பேரங்காடியின் கூரை, 1956 பிப்ரவரியில், பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் வந்து விடுதலை நாளை அறிவித்த மைதானத்தின் மேல்தான் இருக்கிறது.

ரிக்‌ஷாக்காரர் சொன்ன கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன். நீரிணையின் ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் இந்தத் தீபகற்பம். நடுவில் இருக்கும் கடல் பெரிய காற்றுக்குத் தப்பித்த கடல். தென்மேற்குக் காற்றைப் பிடித்து நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பல்கள் துணி ஏற்றி வரும். வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்கள் பட்டும் பீங்கானும் கொண்டு வரும். கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து கிராம்பும் ஜாதிக்காயும். ஒரு காற்றில் வந்தவன் அடுத்த காற்று பிறக்கும்வரை திரும்ப முடியாது. ஆகவே மாதக்கணக்கில் இங்கேயே தங்கியாக வேண்டும். 1400 வாக்கில் பரமேஸ்வரா என்ற இளவரசன் இந்த ஆற்று முகத்தில் ஊர் அமைத்தபோது இங்கே வயலும் இல்லை, பெரிய விளைச்சலும் இல்லை. அரிசிகூட ஜாவாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வர வேண்டும். இந்த ஊர் விற்றதெல்லாம் தங்க இடம், கிடங்கு, நியாயமான சுங்கம், வியாபாரத் தகராறு வந்தால் தீர்த்துவைக்க அதிகாரி. ஷாபந்தர் என்ற துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர். தமிழ், வங்காளம், பர்மாவின் பெகு வணிகர்களுக்கு ஒருவர். ஜாவா மற்றும் கிழக்குத் தீவுக்காரர்களுக்கு ஒருவர். சீனர்களுக்கு ஒருவர். 1512 முதல் இங்கே சில வருடம் இருந்த தோமே பிரெஸ் என்ற போர்ச்சுகீசியர், இந்தத் துறையில் 84 மொழிகள் பேசப்படுவதாக எழுதி வைத்திருக்கிறார்.

மலையின் மறுபக்கம் இறங்கினால் கோட்டையில் மிஞ்சியிருக்கும் ஒற்றை வாசல். 1511இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் ஊரைப் பிடித்ததும் கட்டிய கோட்டை. 1641இல் டச்சுக்காரர்கள் பறித்துக்கொண்டு, வாசல் உச்சியில் 1670 என்று ஆண்டு போட்டுத் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரையைப் பதித்தார்கள். வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்து. நமக்கு வ.உ.சி. என்றால் கம்பெனிக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர். இது கம்பெனியேதான். இதே கம்பெனிதான் எங்கள் நாகப்பட்டினத்தையும் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து ஆண்டது. 1807இல் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊரைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் எதிரிக்குப் பயன்படக் கூடாது என்ற எண்ணம். ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தலையிட்டதால் இந்த வாசலாவது பிழைத்தது என்கிறார்கள்.

அந்த வெடிப்பைச் சிறுவனாக நின்று பார்த்தவர் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று இங்கே கொண்டாடப்படுபவர். அவருடைய முப்பாட்டனார் யேமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே பெண் கட்டியவர். அப்துல்லாவைச் சிறுவயதில் அவருடைய அப்பா தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவின் வசதியான குடும்பங்களில் அது வழக்கமாம். கணக்கு வழக்கெல்லாம் அந்த மொழியில் ஓடியது. நாகூர் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். அப்துல்லா பெயரை எங்கள் பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

மதியம் ஆசாம் பெடாஸ். புளி கரைத்துக் காரம் தூக்கலாக வைத்த மீன் குழம்பு, வெண்டைக்காய் முழுசாகப் போட்டு. "என்ன மீன்?" என்றால் "ஈக்கான் பாரி" என்றான் பையன். தட்டு வந்ததும் தெரிந்துவிட்டது, திருக்கை! முள்ளில்லாமல் குருத்தெலும்போடு இழை இழையாகப் பிரியும் சதை. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைக் குழம்பு கொடுப்பார்கள். ஆனால் பூண்டு தட்டிப் போட்டு, மிளகு சேர்த்து. இவர்கள் கெசும் என்ற ஒரு இலையைப் போடுகிறார்கள். வாசனை முதலில் மூக்கைத் தள்ளியது, மூன்றாவது கவளத்தில் பழகிவிட்டது. சோறோடு 15 வெள்ளி. அக்கா மகன் கோழிச்சோற்று உருண்டை வேண்டும் என்று வேறு கடையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றான். சோற்றை எலுமிச்சை அளவுக்கு உருட்டிக் கொடுக்கிறார்கள். சோறு சோறுதான். உருட்டினால் என்ன ஆகிவிடப்போகிறது?

சாயங்காலம் செருப்பு வார் அறுந்தது. ஆற்றோரப் படியில் உட்கார்ந்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது தண்ணீரில் ஒரு கட்டை நகர்ந்தது. உடும்பு. நாலடி இருக்கும். படகு வந்தபோது சாவகாசமாக ஒதுங்கி வழிவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

ஒரு காலத்தில் பொற்கொல்லர் இருந்த தெரு, ஜாலான் துக்காங் எமாஸ். இதிலும் இதன் தொடர்ச்சியிலுமாகக் கோயில், மசூதி, சீனக் கோயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சுற்றுலாத் துறை "நல்லிணக்கத் தெரு" என்று பெயர் போட்டுவிட்டது. எனக்கு அந்தப் பெயரைவிட அந்தந்தக் கட்டடம் பிடித்தது. 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய கம்போங் கிளிங் மசூதிக்குக் குவிமாடம் கிடையாது. மூன்றடுக்குக் கூம்புக் கூரை. மினாரைப் பார்த்தால் சீன பகோடா. ஒளு செய்யும் குளத்தைச் சுற்றி ஐரோப்பியத் தூண்கள். கட்டியவன் யார் யாரிடம் கூலிக்கு ஆள் பிடித்தான் என்பது சுவரிலேயே தெரிகிறது. புத்தாண்டு நாளானதால் நல்ல கூட்டம். வாசலில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துத் தமிழில், "உள்ள வாங்க, தலைக்கு மட்டும் துணி போட்டுக்குங்க" என்றார்.

அதே தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். 1781இல் செட்டி சமூகத் தலைவருக்கு டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் கட்டியது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். சின்னக் கோயில். குருக்கள் ஊரைக் கேட்டார். "நாகப்பட்டினம்" என்றதும், "அப்ப நீங்க பழைய சொந்தக்காரங்க" என்று சிரித்துவிட்டு, செட்டிகளைப் பார்க்க காஜா பெராங் என்ற பகுதிக்குப் போகச் சொன்னார்.

கார் பிடித்துப் போனோம், 9 வெள்ளி. நான் காரைக்குடிச் செட்டியார்களை நினைத்துக்கொண்டு போனேன். இவர்கள் அவர்கள் இல்லை. நகரத்தார் மலாயாவுக்கு வட்டிக்கடை வைக்க வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இவர்கள் சுல்தான் காலத்திலேயே துணி வியாபாரத்துக்கு வந்து, காற்றுக்குக் காத்திருந்து, மலாய், ஜாவா, பத்தாக் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்களின் வம்சம். பிள்ளை, செட்டி, நாயக்கர் என்று பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வீட்டில் பேசுவது மலாய். நிலைப்படியில் மாவிலைத் தோரணம்.

மாரியம்மன் கோயில் வாசலில் ஓர் அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். சாரோங், மேலே கெபாயா, நெற்றியில் விபூதி. வணக்கம் சொன்னேன். வணக்கம் சொன்னார். அதோடு எங்கள் பொது மொழி தீர்ந்துவிட்டது. அக்கா மகன் மலாயில் பேசி எனக்குச் சொன்னான். போகிக்கு முன்னோருக்குப் படையல் உண்டா என்று கேட்கச் சொன்னேன். அம்மா தொடுப்பதை நிறுத்திவிட்டு விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். பொங்கலுக்கு முதல் நாள் வாழையிலையில் சோறு, கறி, மீன், பலகாரம் எல்லாம் வைத்துப் பெரிய படையல். பார்ச்சு என்கிறார்கள். வருட நடுவில் பழங்கள் பழுக்கும் காலத்தில் இன்னொன்று, அதில் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான். "இப்பதான் பருவம், உங்க ஊர்ல முன்னோர்களுக்கு என்ன பழம் வைப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டார். வாழைப்பழம் என்றேன். அது மட்டுமா என்பதுபோல் பார்த்தார். வருடாவருடம் மே மாதம் அம்மனுக்குத் திருவிழா. அம்மை இறக்கும் தெய்வமாக அம்மனை டத்தோ சாச்சார் என்றும் கூப்பிடுகிறார்கள்.

அவர் பூத் தொடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழைநாரை இடது கால் கட்டைவிரலில் மாட்டி, இரண்டிரண்டு பூவாக வைத்து, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. என் ஆத்தா தொடுத்த அதே கை வேகம்.

கிளம்பும்போது "சூடா மாக்கான்?" என்றார். அது எனக்கே புரிந்தது. சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பும் சோறும் போட்டார். தாளிப்பில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. அரைப்பில் பெலாச்சான் என்ற இறால் விழுது, லவங்கப்பட்டை, எலுமிச்சம்புல். பணம் கொடுப்பது மரியாதையில்லை என்று அக்கா மகன் கண்ணால் சொன்னான். பையில் இருந்த மைசூர்பாகு டப்பாவைக் கொடுத்தேன். உடனே பிரித்து, முதல் துண்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

இந்த ஊர்த் தமிழ் வணிகர்களில் சரித்திரத்தில் பெயர் நின்றவர் நைனா சட்டு. போர்ச்சுகீசியர் எழுதிய பெயர் அது. 1509இல் சுல்தான் சிறைபிடித்த போர்ச்சுகீசியர்களுக்கு உதவினார். 1511இல் அவர்கள் ஜெயித்ததும் இவரைப் பெண்டஹாரா என்ற உயர் அதிகாரி ஆக்கினார்கள். மூன்றே வருடத்தில் பதவியைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் சிதை மூட்டி அதில் இறங்கிவிட்டார். ஊரெல்லாம் அல்புகெர்க்கின் கப்பல் பொம்மை விற்கிறது. இவர் பெயரில் நான் எதையும் பார்க்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

காலை முழுவதும் சும்மா இருந்தோம். அறையில் ஏசி ஒழுகி மெத்தையின் ஒரு பாதி நனைந்துவிட்டது. சொன்னால் வாளி ஒன்று கொடுத்தார்கள்.

மதியம் மலாக்கா தீவு. தீவென்றால் மண் கொட்டி உண்டாக்கியது. முனையில் கடலுக்குமேல் தூண்களில் நிற்கும் நீரிணை மசூதி, 2006இல் திறந்தது, அழகுதான். ஆனால் அதற்குப் போகும் வழியெங்கும் வரிசை வரிசையாகப் பூட்டிய கடைகள், கண்ணாடி உடைந்த மாடிகள், விளம்பரப் பலகையின் வெறும் சட்டம். அரை நிழல்கூட இல்லாத அந்தச் சாலையில் நடந்தது பெரிய முட்டாள்தனம். வாடகைக் கார் வர இருபத்தைந்து நிமிடம்.

வெயில் தாழ்ந்ததும் உஜோங் பாசிர், போர்ச்சுகீசியக் குடியிருப்பு. மீன்பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சிதறியிருந்த போர்ச்சுகீசிய வம்சத்தாரைப் பாதிரியார்கள் முயன்று 1930களில் ஒரே இடத்தில் குடிவைத்த ஊர். தெருப்பெயர் எல்லாம் அல்புகெர்க், தெய்ஷெய்ரா, செக்வேரா. முதியவர்கள் இன்னும் கிறிஸ்தாங் பேசுகிறார்கள். பழைய போர்ச்சுகீசியமும் மலாயும் கலந்த மொழி. ஜூன் 29 புனித பேதுரு திருநாளுக்கு அலங்கரித்த படகுகளில் காகிதப் பூ இன்னும் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மீனவர்களின் பாதுகாவலர் அவர். கடல்புறத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளக்கத் தேவையில்லை.

இங்கே கடல் இருந்தது. அலை இல்லாத, சேறு கலங்கிய, முழங்கால் ஆழத்துக் கடல். ஆனாலும் கடல், உப்புக் காற்றோடு. சிமென்ட்டுக் கட்டையில் ஒரு மீனவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். வலையின் கண் கொசுவலை அளவு. இரண்டு நீள மூங்கில் கத்தரிபோலக் குறுக்கே கட்டி, நடுவில் இந்த வலை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தள்ளிக்கொண்டே நடக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டதும் பக்கத்து வாளியைக் காட்டினார். அடியில் ஒரு கைப்பிடி இளஞ்சிவப்புத் தூள், ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளிக் கண். கூனி! எங்கள் ஊர்க் கூனிப்பொடிக்குக் காயும் அதே கூனி. இவர்கள் கெராகாவ் என்கிறார்கள்.

"அப்பா காலத்தில் அரை நாள் தள்ளினா வாளி வாளியா வரும்" என்றார். அவர் கையை நீட்டிக் காட்டிய திசையில் தூர்த்த மண்ணில் எழும்பிய கட்டடங்கள். கூனி வருவது சேற்றுக் கரையோரம். கரையை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்து, நீரோட்டத்தையும் திருப்பிவிட்டால் அது எதற்கு இங்கே வரப்போகிறது? இப்போது கிடைப்பது வீட்டுக்குத்தான் சரியாக இருக்கிறதாம். நாள்கூலிக்கு வேறு வேலைக்குப் போகிறார். கோபமாகச் சொல்லவில்லை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நூலை ஈரப்படுத்திக்கொண்டே சொன்னார்.

கரையோரக் கடையில் சுட்ட மீன் சாப்பிட்டோம். விலைப்பட்டியலில் 100 கிராமுக்கு 9 வெள்ளி என்று போட்டிருந்தது. மீனை நிறுத்துக் காட்டச் சொல்லாமல் உட்கார்ந்தோம். பில் வந்தபோது ஒரு மீனுக்கு 72 வெள்ளி! அக்கா மகன் வாதாடப் போனான். கடைக்கார அம்மா தராசில் எழுதிய சீட்டைக் காட்டிவிட்டு, எனக்கு மட்டும் ஓர் இளநீர் இலவசமாகக் கொடுத்தார். டெபால் கறி நன்றாக இருந்தது. கடுகு, வினிகர், நிறைய மிளகாய், கோழி. கண்ணில் தண்ணீர் வந்தது. அது காரத்தாலா பில்லாலா தெரியாது.

ஜூலை 9, செவ்வாய்

விடுமுறை முடிந்ததும் ஊர் ஒரே ராத்திரியில் காலியாகிவிட்டது. காலையில் தமிழ்க் கடையில் ரொட்டி சானாய், தே தாரே, இரண்டு பேருக்கும் சேர்த்து 9 வெள்ளி. சனிக்கிழமை நாப்பது கேட்ட ரிக்‌ஷாக்காரர்கள் இன்று இருபத்தைந்துக்குக் கூப்பிட்டார்கள். சந்தையில் சிஞ்சாலோக் இரண்டு பாட்டில் வாங்கினேன், பாட்டில் 7 வெள்ளி. கூனியை உப்பும் கொஞ்சம் சோறும் போட்டுப் புளிக்கவைத்தது. கடைக்காரர் செய்தித்தாள், பிளாஸ்டிக் பை, மறுபடி செய்தித்தாள் என்று நாலு சுற்றுச் சுற்றி, "படுக்க வைக்காதீங்க, நிக்க வைங்க, பொங்கும்" என்றார்.

பேருந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் கோலாலம்பூர் வந்தது. அக்கா மகன் பெருமையாக என்னைப் பார்த்தான். அந்த இரண்டு மணி நேரமும் ஒரு பாட்டில் என் மடியில்தான் நின்றுகொண்டு வந்தது. இன்னொன்று அவன் முதுகுப்பையில் படுத்துக்கொண்டு வந்திருக்கிறது. லிஃப்ட்டில் கூட ஏறிய பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்கினாள். மடிக்கணினி, சட்டை, சார்ஜர் எல்லாவற்றிலும் கூனி.

மிஞ்சிய பாட்டிலை ராத்திரி திறந்தோம். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் அரிந்து, எலுமிச்சை பிழிந்து, பழைய கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டோம். அவன் திட்டிக்கொண்டே பாதியைக் காலி செய்துவிட்டான்.